மதுரை – தனுஷ்கோடி: சைக்கிள் நாட்குறிப்பு

கார்த்திகை, ஒரு ஞாயிறு

அடுத்த குடியரசு தினம் திங்கட்கிழமை வருகிறது. சனி, ஞாயிறைச் சேர்த்தால் மூன்று நாள் விடுமுறை. மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு சைக்கிளில் போவதென்று நானும் அக்கா மகனும் முடிவு செய்திருக்கிறோம்.

ராமேஸ்வரம் வரை சுமார் 170 கிலோமீட்டர். அதற்கப்புறம் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு இருபது சொச்சம். பாலங்களைத் தவிர வழியில் மேடென்று சொல்ல ஒன்றும் கிடையாது. நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. பிரெவே என்கிற ஓட்டத்தில் 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதை அநாயாசமாக முடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே போன வருடம்தான். அதனால் மூன்று துண்டாகப் பிரித்திருக்கிறோம்: பரமக்குடியில் ஓர் இரவு, ராமேஸ்வரத்தில் ஓர் இரவு, தனுஷ்கோடி போய்த் திரும்பியதும் ரயில்.

மருமகனிடம் ஒல்லி டயர் போட்ட ரோடு பைக். என்னிடம் ஹைபிரிட், கொஞ்சம் தடித்த டயர். அவனுக்கு என் சைக்கிளைப் பார்த்தால் பரிதாபம். அந்தப் பரிதாபம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்தபிறகும் இருக்கிறதா என்று பார்ப்போம்.

தெற்குவாசல் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடையில் இரண்டையும் ஓவராயிலுக்கு விட்டோம். கடைக்காரப் பெரியவர் வீல் கோட்டம் எடுத்தார், பிரேக் கட்டைகளை மாற்றினார். எல்லாவற்றுக்கும் முன்னால் என் சீட்டைத் தூக்கினார். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்றுதான் நம்மில் பலர் சீட்டை வைத்திருப்போம். "தரையில கால் ஊன்றதுக்கா சார் சீட்டு? மிதிக்கிறதுக்கு" என்றார். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். சீட்டு தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மீறி மடங்கி, சில்லுக்கு முன்னால் வலிக்க ஆரம்பிக்கும். கடைத்தெருவுக்குப் போய்வருகிற தூரத்தில் இது தெரியாது. ஐம்பது கிலோமீட்டரில் தெரியும்.

சீட்டு உயர்ந்ததும் நிற்பதற்குப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. சிக்னலில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். காளவாசல் சிக்னலில் இதைப் பழகுவது தனி அனுபவம்.

பெரியவர் கூலி வாங்குவதற்கு முன் இன்னொன்றும் செய்யச் சொன்னார். அவர் கண்ணெதிரே நான் டியூபைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி, திரும்ப மாட்ட வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரைக்கும் பொறுத்திருந்துதான் பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பிடிக்காது. "அந்தப் பக்கம் முள்ளு ஊரு. ஓட்ட தெரிஞ்சா பத்தாது, ஒட்டவும் தெரியணும்" என்றார்.

மார்கழிக் கடைசி

தீபாவளிக்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரு நீண்ட ஓட்டம். திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை, மேலூர், அழகர்கோவில் என்று தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வாரத்தில் இரண்டு காலை சும்மா ஒரு மணி நேரம். போன வாரம் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தோம். அசதியான காலோடு மறுநாள் காலையில் திரும்பவும் அதே சீட்டில் உட்காருவதற்குத்தான் உண்மையில் பயிற்சி தேவை. கால் பழகிவிடுகிறது. உட்காரும் இடம் பழக நாளாகிறது.

அதற்கென்று உள்ளே மெத்தை தைத்த கால்சட்டை விற்கிறார்கள். அதை அணியும்போது உள்ளாடை போடக் கூடாது. தையல் விளிம்பு தோலை உரசிப் புண்ணாக்கிவிடும். இதைக் கடையில் எனக்கு விளக்கிய பையன் சத்தமாகவே விளக்கினான். கடையில் என் அலுவலகத்துக்காரர் ஒருவரும் இருந்தார். மெத்தைக் கால்சட்டையோடு ஊருக்குள் டீக்கடையில் நிற்க முடியாது என்பதால் மேலே ஒரு மெல்லிய அரைக்கால் சட்டை. சீட்டு மெத்தென்று இருக்க வேண்டும் என்று ஜெல் உறை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குச் சரிப்படவில்லை. தூரம் கூடக் கூட, அமுங்குகிற மெத்தை தொடையோடு உரசுகிறது. கெட்டிச் சீட்டே மேல்.

இந்த மாதங்களில் நான் கற்றது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வரை மலைப்பாதை ஏறி இறங்கிய அன்று மருமகன் காலையில் ஒரு காபியோடு வந்திருந்தான். "பசிச்சா சாப்ட்டுக்கலாம் மாமா" என்றான். திரும்பி வரும்போது கடச்சனேந்தல் தாண்டவில்லை, சட்டென்று மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கல்வெர்ட் மேல் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து, கை நடுங்கியது. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை கடும் உழைப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தபின் பசி என்று ஒன்று தோன்றுவதில்லை, நேரே மயக்கம்தான். பக்கத்துப் பெட்டிக்கடையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து என்னை முந்திக்கொண்டு போனான். இருபத்தொரு வயது.

அன்றிலிருந்து விதி: மணிக்கு ஒரு தடவை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஏதாவது வாயில் போட வேண்டும். மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தில் இருபத்தைந்து கிராம் அளவுக்கு இருக்கும். விலையுயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் இருக்கின்றன. நான் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன், இனிமேல் வாங்கமாட்டேன். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு அது பக்கத்தில் வராது. தண்ணீருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் கலக்குகிறோமே, அதேதான். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே வேர்த்தால் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும்.

இன்னொன்றும் மருமகனிடம் கற்றுக்கொண்டேன். கனமான கியரைப் போட்டு ஓங்கி ஓங்கி மிதிப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. "லேசா போட்டு வேகமா சுத்துங்க மாமா" என்று நச்சரித்தான். நிமிடத்துக்கு எண்பது சுற்று. முதலில் காற்றில் காலை ஆட்டுகிற மாதிரி இருந்தது. இப்போது சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது தொடை கெஞ்சுவதில்லை.

வெள்ளி இரவு

மூட்டை கட்டியாயிற்று. பின்னால் கேரியரில் ஒரு பை. முதுகில் எதுவும் வேண்டாம் என்று இருவருமே தீர்மானம். முதுகுப் பை வைத்தால் வேர்வையும் தோள்வலியும் போக, எடை முழுக்க உட்காரும் இடத்தில் இறங்கும். மாற்றுத்துணி ஒரு ஜோடி, ஒரு லுங்கி, இரண்டு மாற்று டியூப், டயர் நெம்பி, பேட்ச், கை பம்ப், அலன் சாவி, செயின் எண்ணெய், பழந்துணி, முன்விளக்கு, பின்னால் சிவப்பு மினுக்கு விளக்கு, தேங்காய் எண்ணெய். கடைசியில் சொன்னது உரசலுக்கு.

என் டியூபில் இருப்பது மோட்டார் சைக்கிளுக்குள்ள அதே தடித்த வால்வு. எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்றடிக்கலாம். அவனுடையது ஒல்லி வால்வு, பிரெஸ்டா என்பார்கள். பங்கில் அடிக்க அதற்குப் பித்தளையில் ஒரு சின்ன மூடி மாதிரி அடாப்டர் வேண்டும். விரல் நுனி அளவுதான். அதைத் தொலைத்தால் என்ன ஆகும் என்று யோசித்து இரண்டு வாங்கி, ஒன்றை என் பையில் வைத்துக்கொண்டேன்.

கவலை ஒன்றே ஒன்றுதான்: காற்று. தை மாதத்தில் இந்தப் பக்கம் வடகிழக்கிலிருந்து வீசும். நாங்கள் போவது தென்கிழக்கே. பரமக்குடி வரை இடப்பக்கத்தில் அடிக்கும். ராமநாதபுரம் தாண்டிச் சாலை கிழக்கே திரும்பியபின் முகத்துக்கு நேரே, கொஞ்சம் இடமாக. இருபது கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போகும்போது நாம் செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. எதிர்காற்றில் அது மளமளவென்று ஏறும். மதுரையில் எத்தனை மாதம் பழகினாலும் மண்டபத்துக் காற்றுக்குப் பழக முடியாது.

அக்கா போனில், "அவன் வேகமாப் போவான், நீ பிடிச்சு வைடா" என்றாள். அவனிடம் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "மாமா மூச்சு வாங்கினா நிறுத்திரு"வாம்.

சனி, பரமக்குடி

வந்து சேர்ந்துவிட்டோம். சுமார் 75 கிலோமீட்டர்.

தெப்பக்குளத்திலிருந்து ஆறு மணிக்கு முன்னாலேயே கிளம்பினோம். விரகனூர் ரிங் ரோடு தாண்டியதும் நல்ல பனி. விளக்கு வெளிச்சத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின்னால் வருகிற பஸ்ஸுக்கு நாங்கள் தெரிகிறோமா என்பதுதான் பயம். மினுக்கு விளக்கின் மகிமை அப்போது புரிந்தது. சிலைமான் தாண்டும்போது விடிந்தது. கீழடி அருங்காட்சியகம் திறக்க இன்னும் நேரம் இருந்தது. 2023-ல் திறந்ததிலிருந்து நான் மூன்று தடவை போயிருக்கிறேன், மருமகன் ஒருதடவைகூடப் போகவில்லை. "திரும்பி வரும்போது பாக்கலாம்" என்றான். திரும்பி வருவது ரயிலில்.

திருப்புவனத்தில் இட்லி. இரண்டோடு எழுந்தவனை உட்காரவைத்து இன்னும் இரண்டு போடச் சொன்னேன். பக்கத்து மேசைப் பெரியவர், "எங்கண்ணே போறீங்க, சைக்கிள்லயா?" என்றார். தனுஷ்கோடி என்றதும், "பஸ் இருக்கே" என்றார். நியாயமான கேள்விதான்.

நான்குவழிச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதற்கு நல்லதும் கெட்டதும் உண்டு. ஓரக்கோட்டுக்கு வெளியே தாராளமாக இடம் இருக்கிறது, சுங்கச்சாவடியில் காசு கேட்பதில்லை. ஆனால் ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது, நிழலே இல்லை, எதிர்த்திசையில் ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள்கள் உங்களையே முறைத்துக்கொண்டு வருகின்றன. அந்தச் சாலை எனக்குச் சலித்துவிட்டது; மானாமதுரையில் ஊருக்குள் இறங்கிவிட்டோம்.

மானாமதுரையில் குயவர் வீதியில் கொஞ்ச நேரம் நின்றோம். பொங்கல் முடிந்துவிட்டதால் சூளைகளில் அவசரம் இல்லை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரிகளில் வாசிக்கும் கடத்துக்கு இந்த ஊர்தான் பெயர்போனது. ஒரு வீட்டுத் திண்ணையில் கடங்கள் வரிசையாகக் கவிழ்த்திருந்தன. அந்த அம்மா ஒன்றை எடுத்துத் தட்டிக் காட்டினார். சமையல் பானையைவிடக் கனம். மண் கலவையே வேறு, தட்டித் தட்டியே சுவரை ஒரே சீராகக் கொண்டுவர வேண்டும் என்றார். மருமகன் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றான். கேரியரில் கடத்தைக் கட்டிக்கொண்டு பாம்பன் பாலம் ஏறுவதை யோசித்துப் பார்த்துவிட்டு அவனே வேண்டாம் என்றுவிட்டான்.

அங்கிருந்து பார்த்திபனூர் வழியாகப் பரமக்குடி. வைகை கூடவே வந்தது என்று சொல்லலாம், மணலும் நாணலுமாக. பக்கக் காற்று சொன்னபடி இடப்பக்கம் அடித்தது, தொந்தரவில்லை. பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. தை மாத வெயில்தானே என்று நினைக்கலாம், நான்குவழிச் சாலையில் தார் சூடு கீழிருந்து வேறு வரும். சராசரி வேகம் பதினாறு, பதினேழு. பன்னிரண்டரைக்குள் ஊருக்குள் வந்துவிட்டோம்.

லாட்ஜில் தரைத்தளத்தில் அறை கேட்டு வாங்கி, சைக்கிள்களை உள்ளே நிறுத்தியிருக்கிறோம். நான்கு பேர் அறையில் தங்கியிருக்கிற மாதிரி இருக்கிறது. சாயங்காலம் காலாற நடந்தோம். நெசவாளர் தெருக்களில் சௌராஷ்டிரமும் தமிழும் கலந்து கேட்கிறது. முட்டி சரியாக இருக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. நாளைக்கு 90-க்கு மேல்.

ஞாயிறு, ராமேஸ்வரம்

ஐந்தரைக்குக் கிளம்பினோம். சாலை இங்கே இருவழியாகிவிடுகிறது. இருபக்கமும் சீமைக்கருவேலம். தூரத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. இந்த மரத்தை வெட்டி, மண் மூடி, நாள் கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கி லாரியில் அனுப்புகிறார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று எல்லோரும் திட்டுகிற மரம், இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைப்பதும் அதுதான். அதன் முள்ளைப் பற்றித்தான் தெற்குவாசல் பெரியவர் சொன்னது.

போகலூர் தாண்டி மருமகனின் பின்சக்கரம் இறங்கியது. டீ குடிக்க ஓரமாக இறக்கிய இடத்தில் வெட்டிய மிலார்கள் கிடந்தன. மாற்று டியூப் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று கழற்றி மாட்டினான். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, திரும்பவும் இறங்கிவிட்டது. இப்போது நான் டயரை முழுக்கக் கழற்றி, உள்பக்கத்தைப் பழந்துணியால் சுற்றித் துடைத்தேன். துணி ஓர் இடத்தில் சிக்கியது. முள் நுனி ரப்பருக்குள் முறிந்து உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அலன் சாவி முனையால் வெளியே தள்ளினோம். விரலால் தடவிப் பார்க்கலாம் என்பார்கள், விரல் கிழிந்துவிடும். துணிதான் சரி.

கை பம்பில் ஒல்லி டயருக்கு வேண்டிய அழுத்தம் ஏற்றுவதற்குள் இருவருக்கும் தோள் கழன்றது. சத்திரக்குடி பங்க் வரை பாதிக் காற்றோடு உருட்டிக்கொண்டு வந்து, பித்தளை அடாப்டரைத் தேடினால் அவனுடையது இல்லை. என் பையில் இருந்ததைக் கொடுத்தேன். எதுவும் பேசவில்லை. அவனும் பேசவில்லை.

வழியெல்லாம் மிளகாய் வயல். ராமநாதபுரம் முண்டு மிளகாய், உருண்டையாகக் குட்டையாக இருக்குமே, அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. இப்போது செடி பச்சையாக நிற்கிறது; பங்குனி வாக்கில் வந்தால் களங்களில் சிவப்பாகக் காயும். ராமநாதபுரத்தில் காலை உணவு முடித்து, அரண்மனைப் பக்கம் திரும்பாமல் கிளம்பிவிட்டோம். பஞ்சரில் ஒரு மணி நேரம் போயிருந்தது.

பட்டணம் தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. உச்சிப்புளி வரும்போது வேகம் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. எதிர்காற்றில் ஒருவர் முன்னால் போக, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் இருப்பவருக்கு உழைப்பு கால்வாசி, மூன்றில் ஒரு பங்குகூடக் குறையும். இது காற்று நேர்முகமாக அடித்தால். இங்கே இடப்பக்க முன்னாலிருந்து சாய்வாக அடிக்கிறது. மறைவு கிடைக்கிற இடம் முன்னால் போகிறவருக்கு வலப்பக்கப் பின்புறம், அதாவது சாலையின் நடுப்பக்கம். ராமேஸ்வரம் போகிற சுற்றுலா வேன்கள் உரசிக்கொண்டு பறக்கிற இடம் அது. அதனால் மறைவை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் தனியாகக் காற்றைத் தின்றுகொண்டு போனோம். கியரை இறக்கி, உடம்பைக் குனித்து, வேகத்தைப் பார்க்காமல் மிதிக்க வேண்டும். மேடு என்றால் உச்சி கண்ணுக்குத் தெரியும். காற்றுக்கு உச்சி கிடையாது.

பனைமரங்களின் ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சடசடத்துக்கொண்டிருந்தன. உச்சிப்புளியில் இளநீர் குடித்தோம். கடைக்கார அம்மா, "ஆடியில வந்தீங்கன்னா மணல் கண்ணுல அடிக்கும் தம்பி, இது ஒண்ணுமில்ல" என்றார். மருமகன் என்னைப் பார்த்தான். மணிக்கு ஒரு கடலை மிட்டாய் என்ற விதி அரைமணிக்கு ஒன்று என்றானது.

மண்டபம் வரும்போது மணி ஒன்றரை. மண்டபம் முகாமைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். பிற்பாடு போருக்குத் தப்பி அங்கிருந்து வந்த அகதிகளைத் தங்கவைத்ததும் இங்கேதான். போகும்போதும் இந்த ஊர், வரும்போதும் இந்த ஊர்.

பிறகு பாம்பன் சாலைப் பாலம். 1988-ல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் கப்பல் போகிற உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. மதுரையிலிருந்து வந்தவனுக்கு இதுதான் முதல் மேடு. விடுமுறைக் கூட்டம் முழுக்கப் பாலத்தின்மேல் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பாலத்தின் இணைப்புகளில் இரும்பு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒல்லி டயரைச் செங்குத்தாகக் கடத்த வேண்டும். மேலே ஏற ஏற இடப்பக்கக் காற்று சைக்கிளை நடுச்சாலைக்குத் தள்ளியது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நான் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். மருமகன் ஓட்டியே போனான், சாய்ந்துகொண்டே.

மேலே நின்று பார்த்தால் கீழே இரண்டு ரயில் பாலங்கள். 1914-ல் கட்டிய பழையது, இப்போது வேலையில்லாமல் நிற்கிறது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதியது. நடுவில் இரண்டு கோபுரங்களுக்கு இடையே 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். 1964 புயலில் பழைய பாலத்தின் கர்டர்கள் பல அடித்துக்கொண்டு போனபோது, ஸ்ரீதரன் என்கிற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். டெல்லி மெட்ரோ ஸ்ரீதரன்தான் அவர். இதைச் சொன்னதும் மருமகன், "நம்ம பஞ்சரே ஒரு மணி நேரம் ஆச்சு" என்றான்.

நான்கு மணிக்கு அறை. முன்பதிவு செய்திருந்ததால் தப்பித்தோம். இந்த மூன்று நாளும் ராமேஸ்வரத்தில் நிற்க இடம் இல்லை. தங்கச்சிமடத்திலேயே நான் தீர்ந்துபோயிருந்தேன். மீதி பத்து கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால், ஓட்டவில்லை, சக்கரம் சுற்றியது, நான் மேலே உட்கார்ந்திருந்தேன். இப்போது கோவில் மணிச் சத்தம் கேட்கிறது. போகவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். எழுந்தால்தானே.

திங்கள், ராமேஸ்வரம் ரயில் நிலையம்

தனுஷ்கோடியை முடித்துவிட்டோம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஆறு மணிக்கே கிளம்பினோம். பையெல்லாம் அறையில். வெறும் சைக்கிள் என்ன லேசாக இருக்கிறது! முகுந்தராயர் சத்திரம் வரைக்கும் சவுக்குத் தோப்பும் முள்ளும் மறைவாக வந்தன. அதற்கப்புறம் 2017-ல் போட்ட புதுச் சாலை, ஒன்பதரை கிலோமீட்டர், நேர்கோடு. இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. முதல் கடல் குளம் மாதிரி கிடந்தது, இரண்டாவது அலையடித்தது. காற்று இடப்பக்கம்தான், ஆனால் அதிகாலையில் நேற்றின் பாதிகூட இல்லை. சாலையோரம் மணல் ஏறியிருந்தது. ஒல்லி டயர் அதில் ஏறினால் வழுக்கும் என்று மருமகனை நடுவில் ஓட்டச் சொன்னேன்.

தேங்கிய நீரில் பூநாரைகள் நின்றன. குளிர்காலத்தில் வருகிற இவற்றுக்காக அரசு 2025-ல் இங்கே சரணாலயம் அறிவித்திருக்கிறது. சைக்கிளில் போவதில் ஒரு லாபம், எந்த இடத்திலும் நிறுத்தலாம், சத்தமில்லாமல் நிற்கலாம். அரைமணி நேரம் நின்றோம். வேன்கள் வந்து ஹாரன் அடித்ததும் எல்லாம் உள்ளே தள்ளிப் போய்விட்டன.

பழைய ஊரில் மாதா கோவில் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், நூறு பேருக்கு மேல், இங்கே வந்து சேரவில்லை. அதற்கு முன்னால் மெட்ராஸிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிற துறைமுகம் இது. இப்போது சங்கு மாலையும் வறுத்த மீனும். மீன் நன்றாக இருந்தது, காலை எட்டு மணிக்கு அதைச் சாப்பிடுவதற்கு சைக்கிள் பசி தேவை.

அரிச்சல்முனையில் சாலை ஒரு வட்டமாகத் திரும்பி முடிகிறது. தூண் ஒன்று, அதற்கப்பால் மணல். கூட்டம் வந்துவிட்டது. ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

திரும்பும்போது காற்று வலப்பக்கமாக, நல்ல வேகத்தில். ஒன்பது மணிக்குமேல் இங்கே காற்று விழித்துக்கொள்ளும் போலிருக்கிறது. ஆனால் இப்போது எங்களுக்கு ஒரு வசதி: வலப்பக்கம் காற்று என்றால் மறைவு இடப்பக்கப் பின்புறம், அதாவது சாலையோரம். நேற்று கிடைக்காதது இன்று கிடைத்தது. மருமகன் முன்னால் போக, நான் அவனுடைய இடப்பக்கப் பின்னால் ஒட்டிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறி மாறிப் போனோம். பதினெட்டு, பத்தொன்பது வேகத்தில் சத்திரம் வரைக்கும் வந்துவிட்டோம். மூன்று நாளில் நான் சைக்கிள்காரன் மாதிரி ஓட்டியது அந்தக் கொஞ்ச தூரம்தான்.

அறைக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு சைக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவினோம். உப்புக் காற்றும் மணலும் செயினில் ஓர் இரவு இருந்தாலே துரு பூத்துவிடும். துடைத்து, எண்ணெய் விட்டு, அப்புறம்தான் நாங்கள் குளித்தோம்.

கணக்குப் பார்த்தால், கொண்டுபோனதில் தொடாமலே திரும்புவது என் மாற்று டியூப்கள் இரண்டும், மழைச் சட்டையும், மருமகன் தூக்கிவந்த புரதப் பொடி டப்பாவும். தீர்ந்துபோனது கடலை மிட்டாய். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டுமா என்று பெரியவரைக் கேட்க வேண்டும். அவன் டயரை மாற்றியே ஆகவேண்டும், அதை அவனே சொல்லிவிட்டான். எத்தனை மில்லிமீட்டர் என்று என் டயரில் குனிந்து படித்துக்கொண்டிருந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பார்சல் அலுவலகத்தில் படிவம் எழுதி, சைக்கிளில் அட்டை கட்டி, ரயிலின் சாமான் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஊழியர் குனிந்து பார்த்துவிட்டு, "பழைய சைக்கிள், ரெண்டு" என்று எழுதினார்.

"சார், இது வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது" என்றான் மருமகன்.

"மதுரையில இருந்து ஓட்டிட்டா வந்தீங்க?"

"ஆமா சார்."

"அப்ப பழசுதான்" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.